இருக்க ஒரு வீடு

கொழும்பில் தமிழ் பேசும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் சொற்றொடர்கள் மூன்று: இருக்க ஒரு வீடு, இருக்க ஒரு கதிரை, கதைக்க ஓர் ஆள். வெள்ளவத்தையில் வாடகைக்கு இடம் தேடி ஒழுங்கை ஒழுங்கையாக அலைகிறவர் முதலாவதைச் சொல்வார். கொட்டாஞ்சேனையில் கலியாண மண்டபத்துக்குப் பிந்தி வந்த பெரியவருக்காக யாரோ இரண்டாவதைக் கேட்பார். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, அடுக்குமாடியில் தனித்துப்போன ஆச்சி மூன்றாவதைச் சொல்வார். கொலன்னாவையில் எங்கள் முஸ்லிம் அயலவர்கள் ‘இரிக்க ஊடு’ என்பார்கள். ஒலி கொஞ்சம் மாறுகிறது, கட்டு அதேதான். முன்னே ஒரு செயவென் எச்சம், பின்னே ஒரு பெயர். நடுவில் ஒன்றுமில்லை.

இதையே ஆங்கிலத்தில் சொல்லப் போனால் மூன்றும் மூன்று பக்கம் பிரிகின்றன. வீட்டுக்கு ‘எ ஹவுஸ் டு லிவ் இன்’. கதிரைக்கு ‘எ செயார் டு சிட் ஒன்’. ஆளுக்கு ‘சம்வன் டு டோக் டு’. தமிழில் ‘இரு’ என்ற ஒரே வினை வீட்டுக்கும் கதிரைக்கும் போதுமாயிருந்தது. ஆங்கிலம் வினையையும் மாற்றுகிறது, கடைசியில் ஒரு முன்னிடைச்சொல்லையும் கேட்கிறது. வீட்டுக்கு உள்ளே, கதிரைக்கு மேலே, ஆளை நோக்கி. செயலுக்கும் பெயருக்கும் என்ன உறவு என்று வாய்விட்டுச் சொன்னால்தான் அந்த மொழியில் தொடர் முடியும்.

இந்தப் பகுதியில் பல வருடங்களாகப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். கொப்பிகளில் அதிகம் விடுபட்டுப்போவது இந்தக் கடைசிச் சொல்தான். ‘எ ஹவுஸ் டு லிவ்’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடுவார்கள். சிவப்பு மையில் ‘இன்’ என்று ஒரு திருத்தம் விழும். பிள்ளை அதை மனப்பாடம் செய்யும். அடுத்த கிழமை ‘எ பென் டு ரைட்’ என்று எழுதும். மறுபடியும் சிவப்பு மை, இந்தமுறை ‘வித்’. அங்கே ஏன் இன், இங்கே ஏன் வித் என்று பெரும்பாலும் யாரும் அந்தப் பிள்ளைக்குச் சொல்வதில்லை. கவனக்குறைவு என்று ஒரு சொல்லோடு அடுத்த பக்கம் போய்விடுகிறோம். அந்தப் பிள்ளை கவனமாகத்தான் எழுதியிருக்கிறது என்பது என் எண்ணம். தன் மொழி பழக்கிய ஒழுங்கை வழுவாமல் கொண்டுபோயிருக்கிறது.

அந்த ஒழுங்கு என்ன? எழுதப் பேனை, எழுதத் தாள், எழுத ஒரு விஷயம் என்று வைத்துக்கொள்வோம். பேனையால் எழுதுகிறோம், தாளில் எழுதுகிறோம், விஷயத்தைப் பற்றி எழுதுகிறோம். ஆல், இல், பற்றி என்று உறவு மூன்று விதம். பெயர் எச்சத்துக்குப் பின்னே வந்து நின்றதும் அந்த உருபுகள் மூன்றும் மறைந்துபோகின்றன. கேட்பவருக்குப் பேனை எது, தாள் எது என்று தெரியும், அதனால் சொல்லத் தேவையில்லை என்று தமிழ் விட்டுவிடுகிறது. ஆங்கிலம் விடுவதில்லை. ‘ரைட் வித்’, ‘ரைட் ஒன்’, ‘ரைட் அபௌட்’ என்று மூன்றையும் கடைசிவரை இழுத்து வருகிறது. ஆகவே எங்கள் பிள்ளை விட்டுவிடுகிற அந்தச் சின்னச் சொல், தமிழில் மறைந்துபோன வேற்றுமை உருபுதான். இந்த ஒன்று விளங்கிவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

தொல்காப்பியர் இதை நன்றாகப் பார்த்திருக்கிறார். வினையியலில் பெயரெச்சத்தைச் சொல்லும் இடத்தில் நிலம், செயப்படுபொருள், காலம், கருவி, வினைமுதல், வினை என்று ஆறு பொருளை எண்ணி, செய்யும், செய்த என்ற வடிவங்கள் இந்த ஆறுக்கும் ஒரே அளவில் உரியவை என்கிறார். சேனாவரையர் உரையில் வாழும் இல், கற்கும் நூல், துயிலும் காலம், வனையும் கோல், ஓதும் பார்ப்பான், உண்ணும் ஊண் என்று ஆறு உதாரணங்கள் வருகின்றன. இல்லத்தில் வாழ்கிறோம், கோலைக்கொண்டு வனைகிறோம், காலத்தில் துயில்கிறோம். உறவு ஆறு, வடிவம் ஒன்று. வாழும் இல் என்பது அச்சொட்டாக அந்த ‘ஹவுஸ் டு லிவ் இன்’. பண்டிதர் ஒருவர் இங்கே குறுக்கிடலாம்: ‘இருக்க வீடு வேண்டும்’ என்பதில் ‘இருக்க’ என்பது வினையெச்சம், அது ‘வேண்டும்’ என்ற வினையைத் தழுவுகிறதே தவிர வீட்டைத் தழுவவில்லை என்பார். இலக்கணப்படி அது சரி. ஆனால் பேச்சில் அந்த எச்சம் வீட்டோடு ஒட்டிக்கொண்டுதான் நடமாடுகிறது. ‘என்ன தேவை?’ என்று கேட்டால் ‘இருக்க வீடு’ என்று பதில் வருகிறது, வினையே இல்லாமல். தொல்காப்பியர் பெயரெச்சத்துக்குச் சொன்ன ஆறும் இங்கே பெரும்பாலும் பொருந்திவிடுகின்றன.

சேனாவரையர் உரையோடு சொல்லதிகாரம் 1868இல் அச்சேறியது. பரிசோதித்தவர் ஆறுமுக நாவலர், பதிப்பித்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. நாவலர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்பில் உழைத்தவர். சிறுப்பிட்டியில் பிறந்த தாமோதரம்பிள்ளை வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலவழி படித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரானவர். ஒரு கையில் ஆங்கில இலக்கணமும் மறு கையில் சேனாவரையமும் இருந்த தலைமுறை அது. பின்னால் வந்த நாங்கள் இரண்டையும் இரண்டு பாடவேளையாகப் பிரித்து, இரண்டு ஆசிரியரிடம் கொடுத்து, ஒருவர் சொல்வதை மற்றவர் கேளாதபடி நடுவில் சுவரும் வைத்துவிட்டோம்.

சிங்களத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். கொலன்னாவையில் அடுத்த வீட்டுக்காரர் ‘இன்ன கெயக்’ என்கிறார், ‘லியன்ன பேனக்’ என்கிறார், ‘கதா கரன்ன கெனெக்’ என்கிறார். இருக்க வீடு, எழுதப் பேனை, கதைக்க ஆள். சொல் வேறு, கட்டு ஒன்று. அங்கேயும் நடுவில் ஒன்றுமில்லை, கடைசியிலும் ஒன்றுமில்லை. சிங்களம் இந்தோ ஆரியக் குடும்பத்து மொழி. ஆனால் அதன் வாக்கிய அமைப்பு இரண்டாயிரம் வருட அயலிருப்பில் திராவிடத்தின் பக்கம் வெகுதூரம் வந்துவிட்டது. கோர்ணெல் பல்கலைக்கழகத்து ஜேம்ஸ் கெயார் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். அவரே சுசீந்திரராசா, கருணாதிலக்க ஆகியோரோடு சேர்ந்து பேச்சுத்தமிழ் கற்பிக்க ஒரு பாடநூலும் எழுதியவர். எங்கள் தெருவில் தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் ஆங்கிலக் கொப்பியில் ஒரே இடத்தில் ஒரே சொல்லை விடுகிறார்கள். இந்த நாட்டில் இரண்டு இனங்களும் இவ்வளவு நெருங்கி நிற்கும் இடங்கள் அதிகமில்லை. அதைப் பிழை என்று சிவப்பு மையால் அடிப்பதற்கு முன்னால் ஒருகணம் நின்று பார்க்கலாம்.

2016 மே மாதம் களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டியும் கொலன்னாவையும் தண்ணீருக்குள் கிடந்தன. இடம்பெயர்ந்த சனத்தின் வாயில் இருந்த பட்டியல் முழுவதும் இந்தக் கட்டுத்தான்: குடிக்கத் தண்ணி, உடுக்க உடுப்பு, படுக்கப் பாய், சமைக்கச் சட்டி. இதை ஆங்கிலத்தில் வைத்துப் பார்த்தால் ‘வோட்டர் டு ட்ரிங்க்’, ‘க்ளோத்ஸ் டு வெயார்’ இரண்டுக்கும் முன்னிடைச்சொல் வேண்டாம். தண்ணியும் உடுப்பும் செயப்படுபொருள், வினை அவற்றை நேரே தொடுகிறது. பாயும் சட்டியும் வந்ததும் ‘ஸ்லீப் ஒன்’, ‘குக் இன்’ என்று சொல் நீள்கிறது, ஏனென்றால் பாயை யாரும் படுப்பதில்லை, பாயில் படுக்கிறோம். தொல்காப்பியர் எண்ணிக் காட்டிய வேறுபாடு நிவாரணப் பட்டியலிலும் அப்படியே நிற்கிறது.

ஆனால் உதவி நிறுவனங்களின் ஆங்கிலம் இந்த வழியில் போவதில்லை. அங்கே ‘ட்ரிங்கிங் வோட்டர்’, ‘ஸ்லீப்பிங் மற்ஸ்’, ‘குக்கிங் பொட்ஸ்’ என்று வினை பெயருக்கு முன்னே போய் ஒட்டிக்கொள்கிறது. பிறகு தண்ணீரைத் தவிர மற்றதெல்லாம் ‘நொன் ஃபூட் ரிலீஃப் ஐட்டம்ஸ்’ என்ற ஒரே தலைப்புக்குள் அடங்கிவிடுகிறது. கணக்கு வைக்க அது வசதி, அந்த வசதியை நான் குறைசொல்லவில்லை. என்றாலும் ‘படுக்கப் பாய்’ என்று சொல்லும்போது படுக்கப்போகிற ஒருவர் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறார். ‘ஸ்லீப்பிங் மற்’ என்றதும் பாய் மட்டும் மிஞ்சுகிறது. அடுத்த வருடம் 2017 ஏப்ரல் 14இல், புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து 30க்கு மேற்பட்டோர் மாண்டார்கள், வீடுகள் புதைந்தன. மிஞ்சியவர்களுக்கு இருக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. அதை ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி கேட்டு வருகிறவருக்கு ‘எ பிளேஸ் டு லிவ்’ என்று எழுதலாம். இங்கே ஆங்கிலம் கடைசிச் சொல்லைக் கேட்பதில்லை.

ஏன் வீட்டுக்குக் கேட்டு இடத்துக்குக் கேட்கவில்லை? இடம் என்ற பெயரே எங்கே என்பதைச் சொல்லிவிடுகிறது. நேரம் என்ற பெயர் எப்போது என்பதையும், வழி என்ற பெயர் எப்படி என்பதையும், காரணம் என்ற பெயர் ஏன் என்பதையும் தம்முள்ளேயே வைத்திருக்கின்றன. ‘டைம் டு ஸ்லீப்’, ‘எ வே டு டூ இட்’, ‘எ ரீசன் டு ஸ்டே’ எல்லாம் வால் இல்லாமலே முடிகின்றன. வீடு, கதிரை, பேனை என்பவை பொருட்பெயர்கள். அவற்றோடு என்ன செய்கிறோம் என்பதைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிடம் போதும். நான் படித்த இலக்கணப் புத்தகங்களில் அது விதிவிலக்கு என்ற தலைப்பின் கீழ் ஒரு பட்டியலாகக் கிடந்தது, காரணம் இல்லாமல்.

வாக்கியத்தின் கடைசியில் முன்னிடைச்சொல் தொங்குவது ஆங்கிலேயருக்கே ஒருகாலத்தில் உறுத்தலாக இருந்தது. 1672இல் கவிஞர் ட்ரைடன் பென் ஜோன்சனின் எழுத்தில் இதைக் குற்றமாக எடுத்துக்காட்டினார். அந்தக் கண்டிப்பிலிருந்துதான் ‘எ ஹவுஸ் இன் விச் டு லிவ்’ என்ற மரியாதையான நடைக்கு இவ்வளவு செல்வாக்கு வந்தது. எங்கள் பழைய ஆசிரியர்கள் அதைத்தான் விரும்பினார்கள். இன்று அப்படிப் பேசுகிறவர் இல்லை. அதற்காகப் பிள்ளைகளை வருத்தவும் தேவையில்லை.

எச்சத்துக்கு முன்னால் நிற்கும் அந்த ‘டு’வைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதுவும் தொடக்கத்தில் ஒரு முன்னிடைச்சொல்தான். ஆயிரம் வருடங்களுக்கு முந்திய ஆங்கிலத்தில் ‘டு’வுக்குப் பின்னால் வந்த வினைவடிவம் நான்காம் வேற்றுமைக்கு நிகரான ஈறு ஏற்று நின்றது. தமிழில் குடிப்பதற்கு என்கிறோமே, குடிப்பது என்ற பெயரோடு ‘கு’ சேர்ந்து, அதே உத்தி. பேச்சில் குடிக்கிறதுக்கு. தொல்காப்பியர் வினையெச்ச வாய்பாடுகளை வரிசைப்படுத்தும்போது செயற்கு என்பதையும் சேர்த்திருக்கிறார், அந்தக் ‘கு’வோடு. கடைக்குப் போகிறேன், வாங்குவதற்குப் போகிறேன். போய்ச்சேரும் இடத்தைக் காட்டும் உருபே செய்யப்போகும் செயலையும் காட்டுகிறது. எந்த உறவும் இல்லாத இரண்டு மொழிகள் நோக்கத்தைச் சொல்ல ஒரே பாதையைக் கண்டுபிடித்திருக்கின்றன. இதை முதன்முதலில் உணர்ந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை இன்றுவரை வகுப்பில் மறைக்க முடிவதில்லை.

இரண்டு ‘டு’வும் பக்கம் பக்கமாக நிற்கும் ஒரு தொடர் இந்த நாட்டின் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 1978 யாப்பின் 14ஆம் உறுப்புரை குடிமக்களின் சுதந்திரங்களைச் சொல்கிறது. அதன் ஆங்கில வாசகத்தைப் படித்துப்பார்த்தால் பேச்சுக்கும் கருத்து வெளிப்பாட்டுக்கும் ‘ஃப்ரீடம் ஒஃப்’. அமைதியாக ஒன்றுகூடுவதற்கும் ‘ஒஃப்’. தொழிற்சங்கம் அமைக்கவும் அதில் சேரவும் ‘ஃப்ரீடம் டு’. சொந்தப் பண்பாட்டைப் பேணவும் சொந்த மொழியைப் பயன்படுத்தவும் ‘டு’. நடமாட்டத்துக்கு ‘ஒஃப்’. கடைசியில் இலங்கைக்குத் திரும்பிவரும் சுதந்திரம்: ‘ஃப்ரீடம் டு ரிட்டேர்ன் டு ஸ்ரீ லங்கா’. முதல் ‘டு’ வினையைச் சுதந்திரத்தோடு கட்டுகிறது, இரண்டாவது ‘டு’ நாட்டை வினையோடு கட்டுகிறது. தமிழில் ‘இலங்கைக்கு’ என்பதில் இரண்டாவது இருக்கிறது, ‘திரும்பிவரும்’ என்பதன் ‘உம்’ ஈற்றில் முதலாவது இருக்கிறது. நாட்டைவிட்டுப் போன லட்சக்கணக்கான தமிழருக்கு உயிரான அந்தத் தொடரை இலக்கணப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வதை யாரும் தவறாக எண்ணமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

ஒரே உறுப்புரைக்குள் ‘ஒஃப்’பும் ‘டு’வும் மாறிமாறி வருவதற்குக் காரணம் உண்டு. பேச்சு, கூட்டம், நடமாட்டம் என்று தயாரான பெயர் இருக்கும் இடத்தில் ‘ஒஃப்’ வருகிறது. சங்கத்தை அமை, மொழியைப் பயன்படுத்து என்று வினை தன் செயப்படுபொருளையும் கூட்டிக்கொண்டு வரும்போது பெரும்பாலும் ‘டு’ வருகிறது. 11ஆம் உறுப்புரை சித்திரவதையைத் தடுக்கிறது, அங்கே பக்கக் குறிப்பில் ‘ஃப்ரீடம் ஃப்ரொம்’. 1941 ஜனவரி 6இல் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் எண்ணிய நான்கு சுதந்திரங்களில் பேச்சும் வழிபாடும் ‘ஒஃப்’, வறுமையும் அச்சமும் ‘ஃப்ரொம்’. 1958இல் மெய்யியலாளர் ஐசேயா பேர்லின் ஒக்ஸ்போர்டில் ஆற்றிய உரையில் ‘டு’ சுதந்திரத்தையும் ‘ஃப்ரொம்’ சுதந்திரத்தையும் பிரித்து ஒரு தத்துவத்தையே கட்டினார். தமிழ் இவ்விடத்தில் ‘இலிருந்து’ என்று போகத் தேவையில்லை. அச்சமின்றி வாழும் சுதந்திரம் என்றால் தெளிவாகிவிடுகிறது. எதிர்மறையை வினைக்குள் வைத்துக்கொள்வது எங்கள் மொழிக்கு இயல்பு.

தகவல் அறியும் உரிமையை எடுத்துக்கொள்ளுங்கள். 2015இல் 19ஆவது திருத்தம் 14அ உறுப்புரையைச் சேர்த்தது, 2016இல் 12ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஆங்கிலத்தில் ‘ரைட் டு இன்ஃபர்மேஷன்’. இந்த ‘டு’வுக்குப் பின்னால் வருவது பெயர், வினை இல்லை. ‘ரைட் டு வோட்’டில் வருவது வினையெச்சம். எழுத்தில் இரண்டும் ஒன்று போலத் தோன்றுவதால் மாணவர் குழம்புகிறார்கள். ‘லுக் ஃபோர்வர்ட் டு ஹியர்’ என்று கடிதம் முடிக்கும் பழக்கமும் இதே குழப்பத்தின் பிள்ளை. தமிழ் ‘தகவலுக்கான உரிமை’ என்று சொல்லுக்குச் சொல் வைத்திருக்கலாம், அப்படி எழுதுகிறவர்களும் உண்டு. இந்தியாவில் 2005 சட்டத்துக்கும் இங்கே பொதுவழக்கிலும் நிலைத்தது ‘தகவல் அறியும் உரிமை’. ஆங்கிலத்தில் இல்லாத ஒரு வினையைத் தமிழ் தானாகக் கொண்டுவந்து நடுவில் வைத்தது. தகவல் ஒருபக்கம், உரிமை ஒருபக்கம் என்று கிடந்த இடத்தில் அறிகிற ஆள் ஒருவர் வந்து சேர்ந்தார். இது நல்ல மொழிபெயர்ப்பு. செய்தவர் யாரென்று தெரியாவிட்டாலும் அவருக்கு என் வணக்கம்.

நீதிமன்றத்தின் கதவும் இப்படியொரு தொடரால் திறக்கிறது. அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்கிறது 126ஆம் உறுப்புரை. மனு விசாரணைக்குச் செல்லும் முன் ‘லீவ் டு புரொசீட்’ கிடைக்க வேண்டும். லீவ் என்றால் விடுமுறை என்றுதான் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். இங்கே அது அனுமதி, மேற்கொண்டு நடத்த அனுமதி. அந்த மூன்று ஆங்கிலச் சொற்களின் பொருள் தெரியாமல் மாதக்கணக்காகக் காத்திருந்த பெற்றோரை நான் அறிவேன். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. இணைக்கும் மொழியின் இணைப்புச் சொற்களையாவது எங்கள் பிள்ளைகளுக்குச் சரியாகக் கற்பிக்க வேண்டாமா?

அடுத்தது பெயர்களின் தெரிவு. ஆங்கிலத்தில் எந்தப் பெயருக்குப் பின் ‘டு’, எந்தப் பெயருக்குப் பின் ‘ஒஃப்’ என்பதுதான் வெள்ளவத்தை ரியூட்டரிகளில் வெளிநாடு போக ஆங்கிலப் பரீட்சைக்குப் படிக்கும் இளையவர்களை அதிகம் வாட்டுவது. வினையோ பெயரடையோ ‘டு’ கேட்டால் அதன் பெயரும் ‘டு’ கேட்கும் என்பது முதல் விதி: டிசைட் டு, டிசிஷன் டு. ரிஃப்யூஸ் டு, ரிஃப்யூசல் டு. ஏபிள் டு, எபிலிற்றி டு. இந்த நம்பிக்கையோடு போகிறவரை ‘பொசிபிள் டு’ கைவிடுகிறது, அதன் பெயர் ‘பொசிபிலிற்றி ஒஃப்’. ‘ஹோப் டு’ வினையாக இருக்கும்வரைதான், பெயரானதும் பெரும்பாலும் ‘ஹோப் ஒஃப்’. எல்லாவற்றுக்கும் விதி கிடையாது. ஆனால் ஒரு சாய்வு உண்டு. ஒருவருடைய மனமோ அதிகாரமோ வலிமையோ செயலை நோக்கி நீளும் பெயர்கள் ‘டு’ கேட்கின்றன: தீர்மானம், மறுப்பு, வாக்குறுதி, முயற்சி, அனுமதி, உரிமை. நடக்கப்போவதைத் தள்ளி நின்று அளக்கும் பெயர்கள் ‘ஒஃப்’ கேட்கின்றன: சாத்தியம், ஆபத்து, வாய்ப்பளவு. தமிழும் இந்தக் கோட்டை அறியும். போக அனுமதி என்கிறோம், விழும் ஆபத்து என்கிறோம். ‘விழ ஆபத்து’ என்று யாரும் சொல்வதில்லை. ஒரு பக்கம் செயவென் எச்சம், மறுபக்கம் பெயரெச்சம். பிள்ளையின் வாயில் ஏற்கெனவே இருக்கும் இந்தப் பிரிவைத் தொட்டுக்காட்டாமல் நீளமான பட்டியலைக் கையில் கொடுத்து மனப்பாடம் செய் என்கிறோம்.

இந்தப் பட்டியல்களை முதலில் ஒழுங்குபடுத்தித் தந்தவர்களில் முக்கியமானவர் ஏ. எஸ். ஹோர்ன்பி. 1924இல் ஜப்பானுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போனவர். ஜப்பானியமும் தமிழைப்போல வினையை முன்னே வைத்துப் பெயரைப் பின்னே வைத்து உறவைச் சொல்லாமல் விடும் மொழி. அந்த மாணவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்து, ஒவ்வொரு சொல்லும் எந்தக் கட்டில் வரும் என்று காட்டும் அகராதியை அவரும் தோழர்களும் தயாரித்தார்கள். அது 1942இல் தோக்கியோவில் வெளிவந்தது, யுத்தத்தின் நடுவில். பின்னால் ஒக்ஸ்போர்ட் அதை 1948இல் மறுபடி அச்சிட, இன்று கொழும்புப் புத்தகக் கடைகளில் கிடைக்கும் பெரிய மாணவர் அகராதி அதிலிருந்து வளர்ந்தது. கற்கிறவரின் தாய்மொழிக்குள் இருந்து தொடங்கிய உழைப்பு அது. தமிழ்ப் பிள்ளைகளின் தடுக்கல்களைப் பார்த்து அப்படியொரு உழைப்பை இங்கே தொடங்க ஒரு குழு போதும்.

மறுபக்கத்துச் சேதத்தையும் சொல்லவேண்டும். ஆங்கிலப் பெயர்களின் இந்தக் கட்டு தமிழுக்குள் வந்து ‘வதற்கான’ என்ற உருவில் குடியேறிவிட்டது. ‘பிரச்சினைக்குத் தீர்வு காண்பதற்கான முயற்சிகளை முன்னெடுப்பதற்கான நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட்டு வருகின்றன’ என்பது போன்ற வாக்கியம் எந்த நாளிதழிலும் கிடைக்கும். ‘பிரச்சினையைத் தீர்க்க முயல்கிறார்கள்’ என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. தமிழ் வினையால் நடக்கும் மொழி. ஆங்கில அறிவித்தல் ‘ஃபெயிலியர் டு பே’ என்று தவறுவதைப் பெயராக்கினால், தமிழ் ‘செலுத்தத் தவறினால்’ என்று வினையாகவே வைத்துக்கொள்கிறது. பழைய மின்பட்டியல்களிலும் நீர்ப்பட்டியல்களிலும் இந்த நல்ல தமிழைக் காணலாம். செய்தி எழுதுகிறவர்களும் அமைச்சுகளில் மொழிபெயர்க்கிறவர்களும் ஒரு வாக்கியத்தில் ஒரு ‘வதற்கான’வுக்கு மேல் வைப்பதில்லை என்று தீர்மானித்தால் எங்கள் உரைநடை மூச்சுவிடும்.

ஆங்கில ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பாடத்தை ஆங்கிலத்தில் தொடங்காதீர்கள். பிள்ளை வீட்டில் சொல்லும் தொடரைக் கரும்பலகையில் எழுதுங்கள்: விளையாடக் கூட்டாளி, வெட்டக் கத்தி, காயவைக்கக் கொடி. பெயரை முன்னே கொண்டுவரச் சொல்லுங்கள். கூட்டாளியோடு விளையாட, கத்தியால் வெட்ட, கொடியில் காயவைக்க. ஓடு, ஆல், இல் என்று மறைந்திருந்த உருபு பிள்ளையின் வாயிலிருந்தே வெளியே வரும். வந்த உருபுக்குரிய ஆங்கிலச் சொல்லைக் கடைசியில் வைக்கச் சொல்லுங்கள், பிள்ளை வைத்துவிடும். எல்லா இடத்திலும் உருபுக்கு உருபு பொருந்தாது, பொருந்தாத இடங்களைப் பிறகு ஒவ்வொன்றாகக் காட்டலாம். பாடநூல் எழுதுகிறவர்கள் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கட்டும். அந்தப் பக்கத்தை எழுதத் தமிழாசிரியர், ஆங்கில ஆசிரியர், சிங்கள ஆசிரியர் மூவரையும் ஒரே மேசையில் இருத்துங்கள்.